பாவி என்று மட்டும் சொல்வார்

கச்சிராயபாளையம் போகிற சாலையில் இரண்டு இடத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, லேசாகச் சாய்ந்த தலை. எங்கள் சபையில் பதினோரு வருடம் பாஸ்டராக இருந்து, பிறகு வேறு ஊருக்குப் போனவர். அங்கேயே இறந்துபோனார். படத்துக்குக் கீழே 'தாழ்மையின் சிகரம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தாழ்மைக்கு ஏதய்யா சிகரம்? யார் எழுதியது என்று விசாரித்தேன். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது என்றார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லாதே என்கிறாள் என் மனைவி. குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சோம்பேறி இல்லை. சபையின் கக்கூஸை அவரே கழுவுவார். வேறு யாராவது வாளியைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வார். வெள்ளிமலையில் ஒரு கிழவர் வாந்திபேதியில் கிடந்தபோது மலைக்கு நான் ஆள் ஏற்றி ஓட்டுகிற ஜீப்பில் ஏறி வந்து, அந்த ஆளை மடியில் படுக்கவைத்து, சட்டையெல்லாம் நாறிப்போக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். முகம் சுளிக்கவில்லை. வீட்டில் கட்டில் கிடையாது, பாய்தான். கூட்டத்தில் சாப்பாடு போட்டால் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். குனிவது அவருக்குக் கஷ்டமே இல்லை.

ஒரே ஒரு வாக்கியம்தான் அவர் வாயில் வராது. 'இன்னாரிடம் நான் இன்ன தப்பு செய்தேன்' என்பது அந்த வாக்கியம்.

பாவி என்று சொல்வார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். நான் தூசி, நான் சாம்பல், பாவிகளில் பெரும் பாவி. பிரசங்கத்தில் பாதி அதுதான். மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். சபையும் அழும். ஆனால் என்ன பாவம், யாருக்குச் செய்தது, எந்தக் கிழமை செய்தது, அது வராது. பாவி என்று ஒப்புக்கொண்ட மனிதர் ஒரு பாவத்தைக்கூட ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் முட்டைக்கடை பாய். ஒருநாள் பாஸ்டர் செல்போனில் பேசிக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டிவந்து கடை வாசலில் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளின் மேல் ஏற்றிவிட்டார். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் மஞ்சள். பாஸ்டர் இறங்கினார், கைகூப்பினார்.

"பாய், நான் ஒரு பாவி."

"அது இருக்கட்டும் பாஸ்டரே. போன் பேசிக்கினு வந்தீங்களா, இல்லியா?"

"நான் ரொம்பப் பலவீனமான மனுசன் பாய். உங்க கடைக்காக இன்னைக்கு உபவாசம் இருந்து ஜெபம் பண்றேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு ஜெபமும் வேணாம், முட்டையும் வேணாம். பாக்காம வந்துட்டேன் பாய்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவர் மனைவி, நாங்கள் பாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறவர், என் மனைவியிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். ஒரு காலையில் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கினாராம். நீதான் எங்கேயோ வைத்துத் தொலைத்தாய், உனக்குப் பொறுப்பே கிடையாது என்று அந்த அம்மாவை உலுக்கி எடுத்திருக்கிறார். கண்ணாடி அவருடைய பைபிளுக்குள்ளேயே இருந்தது. "கெடைச்சிடுச்சின்னு சொன்னாரா? இல்ல. 'வாம்மா, முழங்கால் போடுவோம்'னாரு. போட்டேன். 'ஆண்டவரே, எங்களோட கோபத்த மன்னியும்'னு ஜெபம் பண்றாரு. எங்களோடவாம்! நான் எப்பக்கா கோபப்பட்டேன்?" என்று சொல்லிச் சிரித்தாராம் பாஸ்டரம்மா. சிரிக்கும்போது கண் கலங்கியிருந்தது என்றாள் என் மனைவி.

மற்றவர்கள் விஷயத்தில் அவர் வேறு ஆள். அங்கே எல்லாம் துல்லியமாக வேண்டும். யார் எந்த நாளில் யாரோடு சண்டை போட்டார், யார் வீட்டில் டிவி சத்தமாக ஓடுகிறது, எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு முன்னால் கூப்பிட்டு முழங்கால் போடவைப்பார். அவர் தேடுவது கண்ணீரை. அழுதால் விட்டுவிடுவார். அழாவிட்டால், "தாழ்மை வரல, கல்லு நெஞ்சு" என்பார். தாழ்மை என்ற வார்த்தையை அந்த மனிதர் பிரம்பு மாதிரி வைத்திருந்தார். அடுத்தவர் முதுகுக்குத்தான் அது.

சின்னப்பொண்ணு முதுகில் அது எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பங்கு இருக்கிறது.

சின்னப்பொண்ணு மலைக்காரி. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். புருஷன் செத்த பிறகு கீழே இறங்கி வந்து கள்ளக்குறிச்சி ஓரத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலை பார்த்தாள். வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசத்துக்கு வந்தவள். மேலே அம்மாவும் தங்கையும் தங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். இவளும் அவர்களோடு சண்டை போட்டதில்லை. சபைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், பாட்டுத் தெரியாவிட்டாலும் வாயசைப்பாள். அவளுக்குப் பெரிய விஷயம் திருவிருந்துதான். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்து, சோறு சாப்பிடாமல் வருவாள். "எனக்கு ஆண்டவரு கையால போடற சோறு அது ஒண்ணுதாண்ணே" என்று ஒருமுறை ஜீப்பில் சொன்னாள்.

ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்கு சபையில் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சேலை கொடுத்தார்கள். ஊதா நிறம், மஞ்சள் கரை. தூரத்திலிருந்து பார்த்தாலே எங்கள் சபைச் சேலை என்று தெரியும்.

அடுத்த ஆடி மாதம் அவள் ஊரில் மாரியம்மனுக்குத் திருவிழா. நான் ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மேளச் சத்தம், தூசி, கூட்டம். பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போனார்கள். நடுவில் ஒருத்தி ஊதாச் சேலை, மஞ்சள் கரை. முகம் தெரியவில்லை. நடை சின்னப்பொண்ணு நடை. அந்த ஊரில் அந்தச் சேலை வாங்கினவள் அவள் ஒருத்திதான். நான் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே முடிவு கட்டிவிட்டேன்.

கீழே வந்ததும் பாஸ்டரிடம் சொன்னேன். போட்டுக்கொடுக்கணும் என்று சொல்லவில்லை. ஏதோ செய்தி சொல்கிற மாதிரி, "நம்ம சின்னப்பொண்ணு மலையில பானை தூக்கிக்கினு போவுது பாஸ்டர்" என்றேன். ஜீப் ஓட்டுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. அவ்வளவுதான். அவர் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை.

அடுத்த திருவிருந்தில் அப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார். சின்னப்பொண்ணு இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அவர் நின்றார். தட்டை அவள் கைக்கு மேலாகவே நகர்த்திப் பக்கத்திலிருந்த பெண்ணுக்குக் கொடுத்தார். சட்டையில் காலர் மைக். "விக்கிரகத்துக்குப் பானை தூக்கின கைக்கு இது கிடையாது" என்றது ஸ்பீக்கர்.

அவளுக்குப் புரியவில்லை. கை நீட்டினபடியே இருந்தது. ரசம் கொடுத்து முடித்து ஜெபமும் முடிகிறவரை அவள் கையை மடக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போனாள். "இன்னாங்கய்யா, எனக்கு ஏன் குடுக்கல?"

"உனக்கே தெரியும் சிஸ்டர். முன்னால வந்து முழங்கால் போடு. மனந்திரும்பு. ஆண்டவர் மன்னிப்பாரு."

"இன்னாத்துக்கு? நான் ஒண்ணும் பண்ணலியே. ஆடிக்கு நான் ஊருக்கே போவலியே."

"பாத்தீங்களா" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "தாழ்மை இல்ல."

அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஏழு மாதம். ஏழு திருவிருந்து. ஒவ்வொரு தடவையும் வந்தாள், கையை நீட்டினாள், தட்டு அவளைத் தாண்டிப் போனது. பெண்கள் அவள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். மில்லிலும் தெரிந்துபோய், "இன்னாடி, ரெண்டு சாமியும் கைவிட்டுச்சா?" என்று கிண்டல் செய்தார்கள். பொய்யாக ஒரு முழங்கால் போட்டிருந்தால் அன்றைக்கே அப்பம் கிடைத்திருக்கும். "செய்யாதத செஞ்சேன்னு ஆண்டவருகிட்டயே பொய் சொல்லிட்டு அவரு சோத்த நான் எப்பிடித் தின்றது?" என்று என்னிடமே கேட்டாள். என்னிடம் கேட்டாள்! நான் கியரை மாற்றினேன்.

மாசி மாதம் வெள்ளிமலை ஸ்டாப்பில் ஊதாச் சேலை கட்டின ஒருத்தி சாமை மூட்டையோடு ஏறினாள். அச்சாக சின்னப்பொண்ணு, நாலு வயது குறைவு.

"யாரும்மா நீ?"

"சின்னப்பொண்ணு தங்கச்சிண்ணே. அக்காவப் பாக்கத்தான் வரேன்."

"சேல..."

"அக்கா குடுத்தது. அதுக்கு ஊதா புடிக்காது. எனக்கு ராசியான சேலண்ணே, ஆடிக்குப் பானை தூக்கும்போதுகூட இதான் கட்டினேன்."

அந்த மலைப்பாதையில் எத்தனையோ வருடம் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வளைவில் ஹாரன் அடிக்க மறந்தேன்.

அன்று சாயங்காலமே பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. உண்மையிலேயே அதிர்ந்தார், அதை நான் மறுக்கவில்லை. பிறகு, "ஜெபிப்போம் பிரதர்" என்றார். முழங்கால் போட்டார். நானும் போட்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன். எழுந்து வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அநியாயம் பட்டவள் மில்லில் நெல் கிளறிக்கொண்டிருக்கிறாள். செய்த இரண்டு பேரும் ஒரு அறைக்குள் அழுது கணக்கை முடித்துக்கொண்டோம். முதலில் மனிதனிடம் போ, பிறகு ஆண்டவரிடம் வா என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நாங்கள் அவளைத் தாண்டிக் குறுக்குவழியில் போய்விட்டோம்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்தார். "சபையா நாம சில ஆத்துமாக்களக் காயப்படுத்தியிருக்கலாம். நாம எல்லாருமே பாவிகள்." நாம. எல்லாரும். இருக்கலாம். சபை முழுக்க விசும்பல். கடைசி வரிசையில் சின்னப்பொண்ணும் அழுதாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல், தன் பாவத்தை நினைத்து அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்த திருவிருந்திலாவது நேர்செய்வார் என்று காத்திருந்தேன். வந்தார். தட்டை அவள் முன்னால் நீட்டினார். "ஆண்டவர் இந்தச் சகோதரிய மன்னிச்சிட்டாரு. எடுத்துக்க சிஸ்டர்" என்றார். சபை அல்லேலூயா சொன்னது.

நீட்டின கையை அவள் மடக்கிக்கொண்டாள். "இன்னாத்துக்கு மன்னிச்சாரு?"

அவர் சோகமாகச் சிரித்தார். "இன்னும் தாழ்மை வரல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. தட்டு என்னிடம் வந்தது. எடுத்துத் தின்றேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். களத்தில் வெயில் கொளுத்தியது. அவள் காலால் நெல்லைக் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டு போனாள். "நான்தாம்மா பாஸ்டருகிட்ட சொன்னது. உன் தங்கச்சியப் பாத்துட்டு நீன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்" என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. களத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். "பாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து மன்னிச்சாருன்னு சொன்னப்பயும் தெரியுமா?"

"தெரியும்."

"நீ இப்ப எங்காதுல வந்து சொல்றண்ணே. அது மைக்குல சொன்னது." திரும்பி நெல்லைத் தள்ளப் போய்விட்டாள்.

அடுத்த முதல் ஞாயிறு. சின்னப்பொண்ணு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாஸ்டர் தட்டோடு அவளிடம் வருகிறவரை காத்திருந்து நான் எழுந்தேன். மைக் என்னிடம் இல்லை. மலைப்பாதையில் எதிர் வண்டிக்குக் கத்துகிற தொண்டை இருந்தது.

"ஆடிக்குப் பானை தூக்கினது இந்தம்மா இல்ல. இவங்க தங்கச்சி. தப்பாப் பாத்துட்டு பாஸ்டருகிட்ட சொன்னது நான். அப்புறம் தெரிஞ்சும் வாய மூடிக்கினு, போன மாசம் வெக்கமில்லாம அப்பத்த வாங்கித் தின்னதும் நான். இந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

பெருமையாக எல்லாம் இல்லை. ஜட்டியோடு நிற்கிற மாதிரி இருந்தது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

பாஸ்டர் தட்டைப் பிடித்தபடி நின்றார். "பிரியமானவங்களே, நாம எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாரையும் விடுங்கய்யா" என்றாள் சின்னப்பொண்ணு. எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "நீங்க சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். காலர் மைக்கில் அவர் மூச்சு கேட்டது. "நான்..." என்றார். நின்றார். முகத்தில் நரம்பு புடைத்தது. வாந்தி நாற்றத்தில் சுளிக்காத முகம் அது. மறுபடி, "நான்..." என்றார். அவள் கையை நீட்டிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

"நான் ஒரு பெரும் பாவி" என்றார்.

"அது தெரியுங்கய்யா. எனக்கு இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க."

தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். முழங்காலில் விழுந்தார். ஓவென்று அழுதார். யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள். கீபோர்டு சேர்ந்துகொண்டது. சபை முழுக்க முழங்காலில் விழுந்து அவரோடு அழுதது. 'எவ்வளவு தாழ்மை பாரு' என்று என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆளைத்தான் நேற்று ஃப்ளெக்ஸ் பக்கத்தில் பார்த்தேன்.

அப்பம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. பாட்டு திரும்பத் திரும்ப நான்கு முறை ஓடியது. அதுவரை நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை, அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு அவள் வெளியே போனாள். நானும் போனேன். அடுத்த மாதமே அவர் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சபையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு அவளை நான்தான் மலைக்கு ஏற்றிப்போனேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கச்சிராயபாளையம் தாண்டுகிறவரை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"ஏண்ணே, நீ அப்பம் எடுத்தியா?"

"இல்லம்மா."

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ எடுத்திருக்கலாம்ணே. நீ சொல்லிட்ட இல்ல."